ஸ்டிக்கரோட அரிசியும் வந்திருக்கணும்

(தர்மபுரி மாவட்டத்தில் நடந்த தெருமுனைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இங்கே பதிவிடுகிறோம்.)

 

ஊரடங்கு போட்டு அஞ்சு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு. 2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில வந்தார். பன்னெண்டு மணியிலிருந்து நாடே மூடல்னு சொன்னார். அவகாசம் நாலு மணி நேரம்.

"அந்தக் கதையை இப்ப எதுக்குப்பா எடுக்கறீங்க, அதான் முடிஞ்சு போச்சே"ன்னு மேடை ஏறுறதுக்கு முன்னாடி ஒரு அண்ணன் கேட்டார். முடியலைங்கண்ணா. நம்ம மாவட்டத்துல சில வீடுகள்ல அது இன்னும் முடியல. அந்த வீடுகளைப் பத்தித்தான் இன்னைக்குப் பேச வந்திருக்கேன். ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்சம் பழசை ஞாபகப்படுத்தணும்.

2020 ஏப்ரல் பாதி தாண்டியும் தர்மபுரி மாவட்டத்துல ஒரு கேஸ்கூட பதிவாகல. பக்கத்துக் கிருஷ்ணகிரி இன்னும் ஒரு படி மேல. மே 1-ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட பட்டியல்ல தமிழ்நாட்டுக்கே ஒரே பச்சை மண்டலம் அதுதான். நோய் வரல, பயம் மட்டும் முன்னாடியே வந்துடுச்சு. ஊர் எல்லையில முள்ளு வெட்டிப் போட்டாங்க, வேப்பிலை கட்டினாங்க, அண்டாவுல மஞ்சத்தண்ணி வச்சாங்க. வெளியூர்க்காரங்க வரக்கூடாதுன்னு போர்டு எழுதினாங்க.

அந்த வெளியூர்க்காரங்க யாருங்க? நம்ம பசங்கதான். பெங்களூர்ல சென்ட்ரிங் வேலைக்கும் கொத்து வேலைக்கும் போனவங்க, திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருந்தவங்க. வேலை நின்னு போச்சு, சோறு இல்ல, வாடகை கேக்குறாங்க. அத்திப்பள்ளி தாண்டி, ஓசூர் தாண்டி, நடந்தும் லாரி ஏறியும் ஊர் வந்து சேர்ந்தா, சொந்தப் பெரியப்பாவே "பதினாலு நாள் பள்ளிக்கூடத்துல கெடந்துட்டு அப்புறம் வாடா"ன்னு சொல்றார். வந்தவனுக்கு ஆத்திரம். பெரியப்பாவுக்கும் காரணம் இருந்துச்சு. வீட்டுல எழுபது வயசு ஆத்தா, சர்க்கரை வேற. ரெண்டு பேரையும் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. அந்தச் சண்டையில அறுந்த பேச்சு சில குடும்பத்துல இன்னும் ஒட்டல. சீர் செனத்திக்குக்கூட வர்றதில்ல.

அப்புறம் வந்தது மண்டலம். 2020 ஜூன் 1-லிருந்து தமிழ்நாட்டை எட்டு மண்டலமாப் பிரிச்சாங்க. சேலம் ஒண்ணாவது மண்டலம், தர்மபுரி ரெண்டாவது மண்டலம். மண்டலத்துக்குள்ள பாஸ் வேண்டாம், மண்டலம் மாறினா இ-பாஸ் வேணும். அதாவது இங்கிருந்து ராணிப்பேட்டைக்குப் பாஸ் இல்லாமப் போகலாம். தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் போகணும்னா பாஸ்! நம்ம சனங்க ராணிப்பேட்டைக்கு என்னத்துக்குங்க போறாங்க? பெரிய ஆஸ்பத்திரி, கல்யாணப் பட்டு, மோட்டார் ரிப்பேர், பொண்ணு குடுத்தது, பொண்ணு எடுத்தது, பாதிப் பேருக்கு எல்லாமே சேலம்தான். ஒக்காந்து கோடு போட்டவங்களுக்கு அது தெரியல. தொப்பூர் செக்போஸ்ட்ல நின்ன போலீஸ்காரர் கோடு போடல. ஆனா திட்டு வாங்கினது அவர், அவர்கிட்ட ஏச்சு வாங்கினது நாம.

வருமானம்னு பாத்தா ஒண்ணும் இல்ல. ஒகேனக்கல் பூட்டிக் கெடந்தது. பரிசல் ஓட்டறவங்க, எண்ணெய் தேச்சு விடறவங்க, மீன் வறுத்துக் குடுக்கிற பொம்பளைங்க, ஒருத்தருக்கும் பொழப்பு இல்ல. கோயில் இல்ல, கல்யாணம் இல்ல, சாமந்தி செடியிலேயே காஞ்சது. பாலக்காட்டுப் பக்கம்னு நெனைச்சுக்காதீங்க, நம்ம பாலக்கோட்டைச் சொல்றேன், தக்காளியைப் பறிச்சா ஆள் கூலிக்குக்கூடக் கட்டுப்படி ஆகாதுன்னு விட்ட காடு இருக்கு. அந்த வருஷம் நூறு நாள் வேலைக்கு அரசாங்கம் அறிவிச்ச கூலி 256 ரூபா. செப்டம்பர்ல மாஸ்க் போடலைன்னா அபராதம் 200 ரூபான்னாங்க. மாஸ்க் போடணும், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஒரு நாள் கூலியில முக்கால்வாசியைப் புடுங்கிக்கிற அளவுக்கு அபராதம் வேணுமாங்கறதுதான் கேள்வி.

இப்ப விஷயத்துக்கு வரேன்.

டெஸ்ட்டுல பாசிட்டிவ் வந்தா வீட்டுக் கதவுல ஸ்டிக்கர் ஒட்டினாங்க. சென்னையில சில வீடுகளுக்குத் தகரமே அடிச்சாங்க. ஸ்டிக்கர் ஒட்டின வீட்டுக்குப் பால்காரர் வரமாட்டார். மளிகைக் கடையில "நீ எட்டி நில்லு"ம்பாங்க. வீட்டுல யாரும் பதினாலு நாள் வேலைக்குப் போக முடியாது. பதினாலு நாள் கூலின்னா அன்னைக்குக் கணக்குக்கு 3,584 ரூபா. அதை யார் குடுப்பா? 2020 ஏப்ரல்ல அன்றைய அரசு அரிசி கார்டுக்கு ஆயிரம் ரூபா குடுத்தாங்க. 2021-ல அடுத்த அரசு ரெண்டு தவணையா நாலாயிரம் குடுத்தாங்க, பதினாலு மளிகைப் பொருளும் குடுத்தாங்க. வாங்கினதை வாங்கலைன்னு சொல்லக்கூடாது. ஆனா அது எல்லாக் கார்டுக்கும் பொதுவாக் குடுத்தது. ஸ்டிக்கர் ஒட்டின வீட்டுக்குன்னு தனியா என்ன வந்துச்சு? கபசுரக் குடிநீர் பாக்கெட் வந்துச்சு, போன்ல விசாரிப்பு வந்துச்சு. கூலி வரல.

இதோட செத்தா என்ன ஆகும்ங்கிற பயம் வேற. 2020 ஏப்ரல்ல சென்னையில டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் உடலைப் புதைக்க விடாம ஆம்புலன்ஸ் மேல கல்லெறிஞ்சாங்களே, டிவியில பாத்தீங்கல்ல? அடக்கத்தைத் தடுத்தா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்னு அவசரச் சட்டம் போடற நிலைமை வந்துச்சு. டாக்டருக்கே அந்தக் கதின்னா நம்ம கதி என்னன்னு ஒவ்வொரு வீட்டுலயும் பேசிக்கிட்டாங்க. போலீஸ் பயமும் இருந்துச்சு. அதே வருஷம் ஜூன்ல சாத்தான்குளத்துல, ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததுன்னு போலீஸ் பிடிச்சுட்டுப் போன அப்பாவும் மகனும் உயிரோட வீடு திரும்பல.

அதனால சனங்க என்ன பண்ணாங்க? காய்ச்சல் வந்தா சொல்லல. மெடிக்கல்ல ரெண்டு மாத்திரை, மிளகு ரசம், ஆவி பிடிக்கிறது, அவ்வளவுதான். "சளிக் காய்ச்சல்"னுதான் பேரு.

தடுப்பூசியிலயும் இதே கதைதான். 2021 ஏப்ரல் 15-ஆம் தேதி நடிகர் விவேக் ஊசி போட்டுக்கிட்டார், 17-ஆம் தேதி தவறிட்டார். அவர் சாவுக்கு ஊசி காரணம் இல்லைன்னு மத்திய அரசோட குழு அறிக்கை வந்தது அக்டோபர்ல. அதுக்குள்ள ஆறு மாசம் போச்சு. அந்த ஆறு மாசத்துலதான் ரெண்டாவது அலை அடிச்சுது. ஒரே வீட்டுல மருமக போட்டுக்கணும்பா, மாமியார் வேண்டாம்பா. கிராம சுகாதார நர்ஸ் வந்தா கதவைச் சாத்திக்கிட்டு கொல்லைப் பக்கம் போனவங்களும் உண்டு. அந்த நர்ஸம்மா மறுபடி மறுபடி வந்தாங்க, திண்ணையில உக்காந்து பேசினாங்க. ஊசி ஏறினது டிவி விளம்பரத்தால இல்ல, அவங்க நடையால.

2021 மே மாசம். மே 21 அன்னைக்கு ஒரே நாள்ல தமிழ்நாட்டுல 36,184 பேருக்குத் தொத்து. ஆக்சிஜன் பெட் எங்கன்னு ஊர் ஊரா போன். அந்த நாள்ல நம்ம கிராமங்கள்ல டெஸ்ட்டே எடுக்காம, வீட்டுலயே மூச்சு முட்டிப் போனவங்க இருக்காங்க. என்ன எழுதினாங்க? "நெஞ்சுவலி", "வயோதிகம்". எழுதச் சொன்னது குடும்பம்தான். பொண்ணு கல்யாணம் இருக்கு, ஊர் ஒதுக்கிடும்னு பயம்.

அதுக்கு அப்புறம் நடந்ததைப் பாருங்க. கொரோனாவுல பெத்தவங்க ரெண்டு பேரையும் இழந்த குழந்தைக்கு 5 லட்சம் டெபாசிட், ஒருத்தரை இழந்திருந்தா இருக்கிற அப்பா அல்லது அம்மாவுக்கு 3 லட்சம்னு 2021 மே கடைசியில தமிழ்நாடு அரசு அறிவிச்சுது. அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு சாவுக்கும் 50,000 ரூபா குடுக்கணும்னு சொல்லிடுச்சு. இறப்புச் சான்றிதழ்ல கொரோனான்னு எழுதல என்கிற ஒரே காரணத்தை வச்சு மறுக்கக் கூடாதுன்னும் சொல்லிச்சு. டெஸ்ட் எடுத்தோ ஆஸ்பத்திரியில டாக்டர் பாத்து உறுதி பண்ணியோ முப்பது நாளுக்குள்ள செத்திருந்தா கணக்குல வரும். மாவட்டக் குழு இருக்கு, அங்க முறையிடலாம்.

ஆனா நம்ம வீட்டுல எந்தச் சீட்டும் இல்லையே! டெஸ்ட் சீட்டு இல்ல, அட்மிஷன் சீட்டு இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, வீட்டுக்காரர் போய் ரெண்டு பிள்ளைங்களோட செங்கல் சூளைக்குப் போறாங்க. ஆவி பிடிச்ச சட்டியைத் தவிர அவங்ககிட்ட ஆதாரம்னு எதுவும் இல்ல. மனு எழுதக்கூட ஆள் இல்லாம நாள் ஓடிச்சு. பழைய சாவுகளுக்கு மனு குடுக்க 2022 மார்ச் 24-லிருந்து அறுபது நாள்தான்னு உச்ச நீதிமன்றம் கெடு வச்சது. அந்தக் கெடு அந்த அக்கா காதுக்கு வந்தது கெடு முடிஞ்ச பிறகு.

"மறைச்சது அவங்க தப்புதானே, அரசாங்கத்தை ஏன் இழுக்கறீங்க"ன்னு நம்ம கட்சிக்காரங்களே என்கிட்ட வாதாடறாங்க. சரி, ஒரு கேள்வி கேக்கறேன். ஸ்டிக்கர் ஒட்ட வந்த கையில பதினஞ்சு கிலோ அரிசியும் பதினாலு நாள் கூலியும் இருந்திருந்தா, எத்தனை பேர் மறைச்சிருப்பாங்க? வரிசையில நின்னு டெஸ்ட் எடுத்திருப்பாங்க. நோயும் குறைஞ்சிருக்கும், சீட்டும் கையில இருந்திருக்கும். உரிய அதிகாரி உத்தரவு இல்லாம வீட்டுல போஸ்டர் ஒட்ட வேண்டியதில்லைன்னு உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர்லயே சொல்லிடுச்சு. அதுக்குள்ள ஒட்ட வேண்டியதை எல்லாம் ஒட்டி முடிச்சாச்சு.

வேலை செஞ்சவங்களுக்காவது நியாயம் கெடைச்சுதா? கொரோனா காலத்துல ஒப்பந்தத்துல எடுத்த நர்ஸுங்க 2,000 பேருக்கு மேல, 2022 டிசம்பர் 31-ஓட வேலை முடிஞ்சுதுன்னு அனுப்பினாங்க. கவச உடைக்குள்ள வேர்வையில நனைஞ்ச பொண்ணுங்க ரோட்டுல உக்காந்து போராடினாங்க. அவங்கள்ல நம்ம ஊர்ப் பிள்ளைங்களும் உண்டு.

நாம கேக்கறது பெரிசா ஒண்ணும் இல்ல. கெடு தெரியாம விட்ட குடும்பங்களோட மனுவை மாவட்ட நிர்வாகம் மறுபடி வாங்கணும். சி.டி. ஸ்கேன், மருந்துச் சீட்டு, கிராம நர்ஸோட பதிவேடு, இதையெல்லாம் ஆதாரமா எடுத்துப் பாக்கணும். மிகவும் கஷ்டத்துல இருக்கிறவங்க தாமதமானாலும் குறைதீர்ப்புக் குழுவுக்குப் போகலாம்னு அந்த 2022 உத்தரவுலயே வழி இருக்கு. வழி இருக்குன்னு சனங்களுக்குச் சொல்றது அதிகாரிகளோட வேலை. அவங்க சொல்லல, அதனால நாங்க சொல்றோம்.

பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, எந்தப் பக்கமா இருந்தாலும் சரி, 2020, 2021-ல உங்க வீட்டுல யாராவது காய்ச்சல், மூச்சுத்திணறல்னு போயிருந்தா, பீரோவுல, தகரப் பெட்டியில, ரேஷன் கார்டு கவர்ல தேடிப் பாருங்க. ஸ்கேன் படம், ஆம்புலன்ஸ் ரசீது, மருந்துக்கடை பில், எது கெடைச்சாலும் கசங்கியிருந்தாலும் பரவால்ல, இறப்புச் சான்றிதழோட எடுத்துக்கிட்டு உங்க ஒன்றியக் கட்சி அலுவலகத்துக்கு வாங்க. மனு எழுத நம்ம வக்கீல் தம்பிங்க உக்காந்திருப்பாங்க. காசு எதுவும் வேண்டாம். எந்தக் கட்சின்னும் கேக்க மாட்டோம். பக்கத்து வீட்டுல படிக்கத் தெரியாதவங்க இருந்தா இந்தப் பதிவை அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க.