பக்கத்தை யார் கட்டுகிறார்கள்?

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ரெட்டமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ கொண்டுவந்தார். அம்பேத்கரின் ‘மூக்நாயக்’ 1920. எழுதுவதில் நமக்கு நூறாண்டுக்கு மேல் பழக்கம். பக்கம் கட்டுறதை மட்டும் இன்னும் அடுத்தவங்க கையில விட்டு வச்சிருக்கோம். அதனால் என்ன நட்டம் என்று சொல்கிறேன்.

1996-இல் நாங்கள் நடத்திய இதழில், சேரிக்குத் தண்ணீர் கேட்டு நடந்த மறியல் பற்றி ஒரு கட்டுரை. படத்தில் குடத்தோடு முன்வரிசையில் நின்றவர்கள் பெண்கள். அச்சாகி வந்தபோது பெண்களைக் காணோம். பின்னால் மைக் பிடித்து நின்ற இரண்டு ஆண்கள் மட்டும் இருந்தார்கள். டிடிபி சென்டரில் கேட்டால், “இடம் பத்தல தம்பி, கட் பண்ணிட்டேன்” என்றார். கட்டுரையின் கடைசி நாலு வரியும் அப்படியே போயிருந்தது. தண்ணியை மறித்தவர்கள் யார் என்று எழுதியிருந்த வரிகள் அவை. அவரைத் திட்டிப் பயனில்லை. எதை வெட்டலாம் என்கிற முடிவை அவரிடம் கொடுத்தவர்களே நாங்கள்தான். மறியலில் நின்ற அக்கா ஒருவர் இதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நான் எங்கப்பா?” என்று கேட்டார். அடுத்த வாரமே பேஜ்மேக்கர் கத்துக்கப் போனேன்.

அந்த மென்பொருள் 1985-இல் வந்தது; இப்போது வழக்கொழிந்துவிட்டது. இன்று ஸ்கிரைபஸ் இலவசமாகவே கிடைக்கிறது. கருவி மாறும், கணக்கு மாறாது. நடுவில் பின் அடிக்கிற இதழ் என்றால் பக்கங்கள் நாலால் வகுபட வேண்டும். 13 பக்கம் வந்துட்டா ஒரு பக்கத்தைக் குறைக்கணும், இல்லாட்டி இன்னும் மூணு பக்கத்துக்கு விஷயம் தேடணும். இதை முதல்லயே எண்ணிட்டா கடைசி நேரத்துல யார் வரியும் சாகாது.

தமிழில் மேலே விசிறி, கீழே சுழி. வரிகளை நெருக்கினால் ‘ழு’வின் வால் கீழ்வரி ‘ளீ’யின் தலையில் இடிக்கும். 11 பாயிண்ட் எழுத்துக்கு 15 பாயிண்ட் வரி இடைவெளி கொடுங்கள். நம் சொற்கள் நீளம்; குறுகிய பத்தியில் இருபுறமும் சமப்படுத்தினால் நடுநடுவே ஓட்டைப் பல் மாதிரி இடைவெளி விழும். இடப்பக்கம் மட்டும் சீராக விட்டால் போதும். கறுப்புக் கட்டத்துக்குள் வெள்ளை எழுத்து நமக்கு ரொம்பப் பிடிக்கும்! மலிவுத் தாளில் மை பரவிப் பொடியெழுத்தை விழுங்கிவிடும். அதைத் தலைப்போடு நிறுத்துங்கள்.

எழுத்துருவில் ஏமாறாதீர்கள். அன்று ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கட்டுரை முழுக்கக் கிறுக்கலாகத் தெரியும். எங்கள் பழைய இதழ்கள் பல அப்படித்தான் கிடக்கின்றன. யூனிகோடில் அடியுங்கள். அச்சகத்துக்கு எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் கொடுங்கள். அதையும் அனுப்புமுன் தாளில் எடுத்து, எழுதினவர்கிட்டயே காட்டுங்க.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் அந்த மறியல் படத்தைத் தரேன். நெகட்டிவ் இன்னும் என்கிட்ட இருக்கு. அரைப் பக்கத்துல, யாரையும் வெட்டாம, கட்டுரையோட வச்சுக் காட்டுங்க, பார்ப்போம்.