உழைத்தவள் பெயர் எங்கே?



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஓர் இசைத்தட்டைப் பற்றியதாகும். "இதென்ன, சங்கீத சபையா?" என்று சிலர் நினைக்கலாம். சங்கீதத்தைவிட, அதை உண்டாக்கிய ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கதிதான் நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

1969-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் "அன் எலெக்ட்ரிக் ஸ்டார்ம்", அதாவது மின்சாரப் புயல் என்ற தட்டு வெளிவந்தது. மின்சாரத்தால் எழுப்பிய ஓசைகளையும், ஒலிநாடாவை வெட்டி ஒட்டிச் சேர்த்த சப்தங்களையும், மனிதக் குரலோடு கலந்து செய்த தட்டு அது. அப்போது அதை வாங்கினவர்கள் கொஞ்சமே. அதைச் செய்தவர்களில் ஒருவர் டெலியா டார்பிஷர் என்ற அம்மையார்.

இவர் 1937-ல் காவென்ட்ரி நகரத்தில் ஒரு தகரவேலைத் தொழிலாளியின் மகளாய்ப் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதமும் சங்கீதமும் படித்துத் தேறியவர். 1959-ல் டெக்கா என்னும் இசைத்தட்டுக் கம்பெனியில் வேலை கேட்டார். ஒலிப்பதிவு நிலையத்தில் பெண்களை வைத்துக்கொள்வதில்லை என்று பதில் வந்தது. படிப்புப் போதாதென்றா சொன்னார்கள்? இல்லை. பெண் என்பதே குற்றமாய்ப் போய்விட்டது!

பிறகு 1960-ல் பி.பி.சி. வானொலி ஸ்தாபனத்தில் சேர்ந்து, 1962-ல் அதன் ஒலி ஆராய்ச்சிக் கூடத்திற்குப் போனார். 1963-ல் "டாக்டர் ஹூ" என்ற தொலைக்காட்சித் தொடருக்கு ரான் கிரெய்னர் என்பவர் ஒரு மெட்டு எழுதிக் கொடுத்தார். இன்றுள்ள சிந்தசைசர் கருவி அன்று கடையில் கிடையாது. அம்மையார் என்ன செய்தார்? கருவிகளைச் சோதிக்க வைத்திருந்த மின்னலைப் பெட்டிகளை ஒலிக்கச் செய்தார். ஒரே ஒரு கம்பியை மீட்டிப் பதிவு செய்தார். நாடாவை வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டிச் சுரத்தை ஏற்றி இறக்கினார். ஒவ்வொரு சுரத்தையும் பிளேடால் வெட்டி, அளந்து ஒட்டினார். டிக் மில்ஸ் என்பவர் உதவி செய்தார். இதில் எந்தத் தேவதையின் அருளும் இல்லை. கணக்கும், காதும், கைப்பாடும்தான்!

கேட்டுப் பிரமித்த கிரெய்னர், அம்மையாருக்கும் பங்கும் பெயரும் கிடைக்க வேண்டுமென்று விரும்பினார். ஸ்தாபனத்தின் விதி இடங்கொடுக்கவில்லை. கூடத்தின் பெயரைப் போடலாம், ஊழியர் பெயரைப் போடலாகாது என்பது விதி.

"அந்த விதி ஆண் ஊழியருக்கும் உண்டல்லவா?" என்று கேட்கலாம். உண்டு, அதுவும் அநியாயந்தான். ஆனால் ஆணின் பெயரை மறைத்தால், "ஆணுக்கு இந்த வேலை வராது" என்று எவனும் சொல்லமாட்டான். பெண்ணின் பெயரை மறைத்தாலோ, "யந்திரவேலையில் பெண்கள் என்ன கிழித்தார்கள்?" என்று மறுநாளே கேட்கின்றான்! முதலில் வாசலில் தடுப்பது. தப்பி உள்ளே வந்தால் பெயரை மறைப்பது. பிறகு அத்தாட்சி கேட்பது. இதற்குப் பெயர் நியாயமா?

அம்மையார் 1973-ல் அவ்வேலையை விட்டார், 2001-ல் இறந்தார். அவர் வீட்டில் 267 ஒலிநாடாச் சுருள்கள் கிடந்தன. அவை பிறகு மான்செஸ்டர் சர்வகலாசாலையைச் சேர்ந்தன. 2013-ல், 50 வருஷம் கழித்தே, அத்தொடரில் அவர் பெயர் திரையில் வந்தது. 2017-ல் காவென்ட்ரி சர்வகலாசாலை டாக்டர் பட்டம் கொடுத்தது. செத்து 16 வருஷமான பின் கொடுத்த பட்டத்தை அவர் எங்கே வைத்துக்கொள்வார்? உயிரோடிருக்கையில் கொடுக்கவேண்டிய கூலியையும் பெயரையும் சமாதிக்கு மாலையாய்ப் போடுவது மரியாதையாகாது.

ஆகவே தோழர்களே! இன்றும் எத்தனையோ பெண்கள் மின்சாரக் கருவிகளில் புதிய தட்டுகள் செய்கின்றார்கள். நல்ல இசையைக் கேட்டால், "செய்தது யார்?" என்று கேளுங்கள். பெயர் இல்லையென்றால், "ஏன் இல்லை?" என்று கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்விதான் பிரதானமானது.