மாலுமி கட்டிய வீடு



மார்க் ட்வைன் என்ற பெயரை ஆங்கில ஆசிரியர்கள் நன்கு அறிவீர்கள். எழுத்தாளராகப் புகழ்பெறும் முன்பு அவர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் நீராவிக் கப்பல்களுக்கு வழிகாட்டும் மாலுமியாக இருந்தார். அந்தப் புனைபெயரும் ஆற்றுத் தொழிலின் சொல்தான். தண்ணீரின் ஆழம் 12 அடி என்பது அதன் பொருள்.

அதே தொழிலைச் செய்த மில்டன் டூலட், 1905-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆற்றங்கரையை ஒட்டி ஒரு வீடு கட்டினார். அவர் மனைவி மேரியும் கப்பல் செலுத்தத் தெரிந்தவர். 1913-இல் மகனுக்காக அதே சாயலில் இன்னொரு வீடு அருகிலேயே எழுந்தது.

அந்த வீட்டைப் பார்த்தவுடன் கப்பல் என்றே தோன்றும். கப்பலின் மேல்தளத்தைப் போல வீட்டைச் சுற்றித் திறந்த தாழ்வாரங்கள். உச்சியில், நான்கு பக்கமும் கண்ணாடிச் சன்னல்கள் வைத்த சிறு அறை. மாலுமி நின்று ஆற்றைப் பார்க்கும் அறையின் அச்சு அது. கரை உயரமாக இருந்தாலும் அங்கே ஏறினால் ஆறு தெரியும். தாழ்வாரத் தூண்களுக்கிடையே பெரிய மர மணிகளைக் கோத்து மாலைபோலத் தொங்கவிட்டிருக்கிறார்கள். வளைந்து நிமிரும் கூரை விளிம்பு ஜப்பானியப் பாணி. 1904-இல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியின் ஜப்பானியக் கட்டடங்களே அதற்குத் தூண்டுதல் என்பர். அந்த நகரமும் மிசிசிப்பிக் கரையில்தான் இருக்கிறது.

அழகுக்கு இவ்வளவும் செய்தவர் வெள்ளத்தை மறக்கவில்லை. கீழ்த்தளத்துக்கு ஓடு பதித்தார். தண்ணீர் வந்து போனாலும் ஓடு மரத்தைப்போல ஊறி உளுத்துப் போகாது.

2005-இல் கத்ரீனா புயலின்போது அந்த வட்டாரத்தில் கால்வாய்க் கரை உடைந்து, தெருத் தெருவாக வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. இந்த இரண்டு வீடுகளும் நிலைத்தன. ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தும் எப்படித் தப்பின? புவியியல் ஆசிரியர்கள் வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி இது. பொங்கும் ஆறு தன் கரையோரத்தில்தான் வண்டலை அதிகம் கொட்டுகிறது. அதனால் அங்கே கரையோரம் மேடு; ஆற்றை விட்டு விலக விலகப் பள்ளம். நூறாண்டுக்கு முன்பு வீடு கட்டிய மாலுமி ஆற்றின் இயல்பை அறிந்தவர்.

ஒரு வீட்டின் படத்தைக் காட்டி, வரலாறு, புவியியல், அறிவியல் மூன்றையும் ஒரே பாடவேளையில் தொட்டுவிடலாம். படத்தைக் காட்டியதும் விளக்கத் தொடங்காதீர்கள். மேலே அந்த அறை எதற்கு, கீழே ஓடு எதற்கு என்று மாணவர்கள் முதலில் ஊகிக்கட்டும். பிறகு அவரவர் தெருவில் உள்ள பழைய வீடு ஒன்றைப் பார்த்து, மூன்று "ஏன்" கேள்விகளை எழுதி வரச் சொல்லுங்கள். பதிலை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரட்டும். அந்த வீட்டை இடித்துவிட்டால், கேள்வி கேட்கவும் வழியிருக்காது.