தீயணைப்புப் பணிக்கு ஆள் தேர்வு
(ஊராட்சி உறுப்பினர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தீயணைப்பு வீரர் என்றதும், எரியும் வீட்டினுள் அஞ்சாது புகும் ஒருவரின் உருவமே நம் மனக்கண்முன் நிற்கின்றது. அஞ்சாமை வேண்டியதுதான், ஆயின், அதனை மட்டும் நம்பி ஒருவரைப் பணியில் அமர்த்தலாமா? அமெரிக்க நாட்டுக் கவுண்டிகள் இவ்வினாவிற்குக் கண்ட விடையை இன்று ஆராய்வோம்.

கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டத்தை ஒத்த ஆட்சிப் பிரிவாகும். கலிபோர்னியாவிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் ஏறத்தாழ 1 கோடி மக்கள் வாழ்கின்றனர். மக்கள் தேர்ந்தெடுத்த ஐவர் குழு அதனை நிர்வகிக்கின்றது. அதன் தீயணைப்புத் துறை, நகர எல்லைகளுக்கு வெளியேயுள்ள ஊர்களையும், தமக்கெனத் தனித்துறை வைத்துக்கொள்ளாத பல நகரங்களையும் காத்து வருகின்றது.

இத்துறையின் முதற்படியில் சேர விரும்புபவர் 18 வயது நிரம்பியவராய், உயர்நிலைப் பள்ளிக் கல்வி முடித்தவராய் இருத்தல் வேண்டும். கல்லூரிப் பட்டம் கட்டாயமன்று. ஆயின், அவசர மருத்துவ உதவிப் பயிற்சியை நூறு மணி நேரத்திற்கு மேல் பெற்றுத் தேறிய சான்றிதழ் வேண்டும். தீயை அணைப்பவருக்கு மருத்துவப் பயிற்சி எதற்கு எனச் சிலர் வியக்கலாம். துறைக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி தீயைப் பற்றியன அல்ல. மாரடைப்பு, சாலை விபத்து, மூச்சுத் திணறல் போன்றவையே மிகுதி. முதலில் போய்ச் சேருபவர் கைகட்டி நின்றால் உயிர் போய்விடும்.

அடுத்தது உடல்திறன் தேர்வு. ஏறத்தாழ 23 கிலோ எடையுள்ள மேலங்கியை அணிந்து, எட்டுப் பணிகளை 10 நிமிடம் 20 விநாடிக்குள் இடைவிடாது முடித்தல் வேண்டும். முதலில், மேலும் 11 கிலோ சுமையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, இயந்திரப் படிகளில் மூன்று நிமிடம் ஏற வேண்டும். பின்னர் நீர்க்குழாயை இழுத்தல், கருவிகளைச் சுமத்தல், ஏணியை உயர்த்துதல், கதவை உடைப்பதற்கு ஈடாகச் சம்மட்டியால் அடித்தல், இருண்ட குறுகிய வழியில் தவழ்ந்து செல்லுதல், 75 கிலோ எடையுள்ள பொம்மையைத் தரையில் இழுத்துச் செல்லுதல், இறுதியாகக் கூரைப் பலகையைக் குத்தித் திறத்தல். மயங்கி வீழ்ந்த மனிதரை மீட்கும் வலிமை உண்டா என்பதை அறியவே அப்பொம்மை வைக்கப்பட்டுள்ளது.

இத்தேர்வின் சிறப்பு அதன் கடுமையில் மட்டுமன்று, நேர்மையிலும் உள்ளது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அளவு ஒன்றே. பணிகள் இன்னவை என முன்னரே அறிவிக்கப்படுகின்றன. அக்கருவிகளிலேயே பழகிப் பார்க்கவும் வாய்ப்பளிக்கின்றனர். எழுத்துத் தேர்வு, நேர்முகம், நன்னடத்தை விசாரணை, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றிலும் தேறியவரே பயிற்சிக் கழகம் புகுவர். அங்கு தேறிய பின்னும் தகுதிகாண் பருவம் உண்டு.

மக்கள்தொகை குறைந்த கவுண்டிகளில் நிலை வேறு. உழவரும் கடைக்காரரும் தொண்டர்களாய்ப் பயின்று, அபாய அழைப்பு வந்ததும் கைவேலையை விட்டு ஓடுகின்றனர். அந்நாட்டுத் தீயணைப்பு வீரர்களுள் ஏறத்தாழ மூவரில் இருவர் இத்தகைய தொண்டர்களே.

பொதுப்பணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்மிடமும் வருவதுண்டு. அப்பொழுது, தெரிந்தவரா, வேண்டியவரா என்று நோக்காது, அளவை முன்னரே அறிவித்து, அனைவருக்கும் அதனை ஒன்றாகவே வைப்போமாக. தகுதியற்றவரை அமர்த்தும் தவற்றுக்கு ஈடு கொடுப்பவர் அவரல்லர். உதவியை எதிர்நோக்கிக் காத்திருக்கும் ஏழையே ஆவார்.