அளந்தால்தான் பாகம்



2003-ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு பதிவேடு பிறந்தது. மரபணுவை முடுக்கிவிடும் புரமோட்டர், படியெடுத்தலை நிறுத்தும் டெர்மினேட்டர் என்று டி.என்.ஏ. துண்டுகளை ‘பாகங்கள்’ என்று அழைத்து, எண் கொடுத்து அடுக்கினார்கள். துண்டுகளின் முனைகள் ஒன்றோடொன்று பொருந்த ‘பயோபிரிக்’ என்ற விதியை வகுத்தவர் டாம் நைட், ஒரு கணினிப் பொறியாளர். யாரும் எடுக்கலாம், யாரும் சேர்க்கலாம். ஐஜெம் என்னும் செயற்கை உயிரியல் போட்டிக்கு வந்த கல்லூரி மாணவர்களே அதைப் பெருமளவு நிரப்பினார்கள்.

முனைகள் பொருந்தின, அளவுகள்தான் பொருந்தவில்லை.

ஒரு புரமோட்டரின் வலுவை அறிய, அதன் பின்னால் பச்சை ஒளிர்புரத மரபணுவைச் சேர்த்து, பாக்டீரியா எவ்வளவு ஒளிர்கிறது என்று பார்ப்பார்கள். கருவி ஓர் எண்ணைக் காட்டும். எந்த அலகில்? அந்தக் கருவிக்கு மட்டுமே தெரிந்த அலகில்! பக்கத்து ஆய்வகத்துக் கருவி அதே மாதிரிக்கு வேறு எண் சொல்லும். (இப்படிப்பட்ட எண்களோடு எத்தனை ரெக்கார்டு நோட்டுகள் கையெழுத்து வாங்கியிருக்கும்!)

உயிரிப் பொறியாளர் ட்ரூ எண்டியும் சக ஆய்வாளர்களும் 2008-இல், மின்னணுச் சில்லுகளுக்கு இருப்பதுபோல ஓர் உயிரியல் பாகத்துக்கும் தரவுத்தாள் எழுதிக் காட்டினார்கள்: எவ்வளவு தூண்டினால் எவ்வளவு செயல், எவ்வளவு வேகம், எத்தனை தலைமுறை தாங்கும் என்று. அடுத்த ஆண்டு ஜே23101 என்னும் புரமோட்டரை அளவுகோலாக வைத்து மற்றவற்றை அதோடு ஒப்பிட்டார்கள். கருவியாலும் சூழலாலும் வந்த வேறுபாடு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

ஐஜெமின் 2018-ஆம் ஆண்டுச் சோதனை இன்னும் சுவையானது. கலங்கலை வைத்துப் பாக்டீரியாக்களின் எண்ணிக்கையைக் கணிக்கும் பழைய முறையை 244 ஆய்வகங்கள் சோதித்தன; பெரும்பாலும் மாணவர் குழுக்கள். பாக்டீரியா அளவே உள்ள சிலிக்கா மணிகளைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, கருவியை அவற்றால் அளவுதிருத்தம் செய்தபோது முடிவுகள் நெருங்கி வந்தன. விலை உயர்ந்த புதுக்கருவி எதுவும் தேவைப்படவில்லை.

ஆகவே, திறந்த தரவுத்தளத்துக்குக் குறைவாக இருப்பது பணமல்ல, ஒழுங்காக எழுதும் கை. இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே, நீங்கள் சேரப்போகும் ஆய்வகத்தில் ஒரு பாகத்தை அளந்தால் பாக்டீரியாவின் வகை, வளர்ப்பு ஊடகம், வெப்பநிலை, அளவுதிருத்த விவரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவேற்றுங்கள். வேலை செய்யாத பாகத்தையும் மறைக்காமல் பதியுங்கள். அடுத்தவருக்கு அது சில மாதங்களை மிச்சப்படுத்தும்.