மாறு என்னும் சொல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில் ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச விழைகிறேன். நம் கிளியனூருக்குக் கிழக்கே, மரக்காணத்து அளத்தில் விளையும் உப்போடு ஒட்டிய சொல் அது. உப்பு வண்டி தெருவில் வந்து நின்றால் என் பாட்டி படியில் நெல்லை அளந்து எடுத்துச் செல்வார். உப்பு வாங்கியதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "உப்பு மாத்தினேன்" என்பார். அதனைக் கொச்சை வழக்கென்றே நான் எண்ணியிருந்தேன். சங்க நூல்களைப் பயின்ற பின்னரே அதன் தொன்மை விளங்கிற்று.

அகநானூற்றின் 140ஆம் பாடலில் அம்மூவனார் உமணர் மகளொருத்தியைக் காட்டுகிறார். நெல்லுக்கு உப்பு நேர் என்று அவள் சேரியிற் கூறும் விலையை, 'விலைமாறு' என்கிறார் புலவர். பெரும்பாணாற்றுப்படையில் ஆய்மகள் மோர் விற்பதைக் குறிக்கும் வினையும் 'மாறும்' என்பதே. அவள் நெய்க்குப் பொன்னைக் கொள்ளாமல் எருமையும் பசுவும் பெறுகிறாள். கன்னடத்தில் இன்றும் 'மாறு' என்றால் விற்றல். தமிழில் அப்பொருள் தேய்ந்து, வேறுபடுதல் என்பது மேலோங்கியது. எனினும், வட்டியும் முறியுமின்றி நம்பிக்கையின் பேரில் பெறும் சிறு கடனை இன்றும் 'கைமாற்று' என்றே வழங்குகிறோம். உதவிக்கு எதிருதவி 'கைம்மாறு'. மழை கைம்மாறு வேண்டுவதில்லை என்று வள்ளுவர் ஒப்புரவுக்கு உவமை கண்டதும் இச்சொல்லைக் கொண்டே.

இலக்கணத்திற்கு வருவோம். தொல்காப்பியர் கூறிய பொருள்கோள் நான்கனுள் ஒன்று மொழிமாற்று. நன்னூலார் கூறிய எட்டனுள்ளும் அஃது உண்டு. நின்ற இடத்தில் பொருள் தாராத சொற்களை, இடம் மாற்றிப் பொருள் கொள்வது அது. மாணவர் சிலர், "கவிஞர் பிழையாக வைத்தாரா, அம்மா?" என்று வினவுவர். பிழையன்று. எச்சொல்லும் நீக்கப்படுவதில்லை, புதிதாய்ச் சேர்க்கப்படுவதுமில்லை. ஒன்றன் இடத்தை மற்றொன்று பெறுகிறது. இரண்டும் பொருள் பெறுகின்றன. உப்பும் நெல்லும் இடம் மாறுவதும் இவ்வாறே அன்றோ? இரு வீட்டிலும் உலை நிறைவு பெறுகிறது.

இனி, நெஞ்சை உறுத்தும் ஒன்று. அகநானூற்று 390ஆம் பாடலில் உப்பின் விலையைக் குறிப்பது 'கொள்ளை' என்னும் சொல். கொள் என்பது அதன் அடி. அன்று விலை, இன்று சூறை. கொடுப்பதை விடுத்துக் கொள்வது மட்டும் எஞ்சினால் வாணிகம் என்னவாகும் என்பதை இச்சொல்லின் வரலாறே உரைப்பதாக எனக்குப் படுகிறது. வெயிலில் கால் வெடிக்க உப்பு வாருவோர்க்கு, ஒரு படி உப்புக்கு ஒரு படி நெல் தருவார் இன்று யார்?

கவிஞர்களே, கவிதையில் ஒரு சொல்லை எடுத்து வேறொன்றை வைக்கும்போது, கொடுத்ததற்கு நேராகப் பெற்றோமா என்று அளந்து பாருங்கள். அளத்து மக்களைப் பாடும்போது அவ்வளவை இன்னும் கருத்தாகப் பாருங்கள். அவர்கள் துயரைக் கொண்டு நாம் கவிதை பெறுகிறோம். மாறாக அவர்களுக்கு என்ன தருகிறோம்? என் பாட்டி படியைத் தலைதட்டாமல் குவித்தே அளப்பார்.