ஊர்தோறும் சுகாதார நிலையம்: சர்க்காரின் கடமையும் நம் கடமையும்

(கண்டாச்சிபுரத்தில் கூடிய நம் சங்கத்தார் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்றைய கூட்டத்தில் நம் முன் ஒரு பிரேரணை இருக்கின்றது. நம் குலத்தாருக்கென்று ஓர் இலவச வைத்தியசாலை கட்டுவதற்கு நிதி திரட்ட வேண்டும் என்பது அது. அதனைக் கொணர்ந்தவர்களின் நல்லெண்ணத்தை யாம் மனமாரப் போற்றுகின்றோம். ஆயினும், அந்நிதியையும், அதனினும் பெரிதாகிய நம் ஒற்றுமையின் வலிமையையும், சர்க்காரின் சுகாதார நிலையங்கள் செம்மையுறுவதற்குப் பயன்படுத்துவதே தக்கது என்பது எமது துணிபு. அதற்குரிய காரணங்களை முறையே எடுத்துரைக்க இச்சபையாரின் அனுமதியை வேண்டுகின்றோம்.

நம்மவரிற் பெரும்பாலார் உழவர். மணிலாவும் கரும்பும் நெல்லும் விளைவித்து வாழ்பவர். மழை பொய்த்தால் ஓராண்டு துன்பம். விலை வீழ்ந்தால் ஒரு போகத்தின் துன்பம். வீட்டில் ஒருவர் நோயிற் படுத்தாலோ, நகை அடகுக்குப் போகின்றது, பின்னர் நிலம் கைமாறுகின்றது, பிள்ளையின் படிப்பும் நின்றுபோகின்றது. இஃது இவ்வூருக்கு மட்டும் உரிய துயரமன்று. இந்தியாவில் மருத்துவத்திற்குச் செலவாகும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 2013-14-ஆம் ஆண்டில் 64 ரூபாய்க்கு மேல் மக்கள் தம் கையிலிருந்தே கொடுத்தனர் என்று மத்திய சர்க்காரின் சுகாதாரக் கணக்கு கூறுகின்றது. 2021-22-இல் அது 39 ரூபாய் அளவிற்கு இறங்கியது. இறங்கியதற்கு ஒரு காரணம், அதே காலத்தில் சர்க்காரின் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.15 விழுக்காட்டிலிருந்து 1.84 விழுக்காட்டிற்கு ஏறியமையே. சர்க்கார் ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்குமிடத்து ஏழையின் மடியில் ஒரு ரூபாய் மிஞ்சுகின்றது என்பது இதனால் விளங்கும்.

இனி, இது நாம் சர்க்காரிடம் யாசகமாகக் கேட்பதா, உரிமையாகக் கேட்பதா என்று சிலர் வினவலாம். சரித்திரத்தைச் சிறிது நோக்குவோம். சென்னை மாகாணம் 1939-ஆம் ஆண்டிலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. 1943-இல் சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு, 1946-இல் தன் அறிக்கையை அளித்தது. நம் சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஆ. இலக்ஷ்மணசாமி முதலியார் அக்குழுவில் ஓர் அங்கத்தினர். பணம் கொடுக்க இயலாமை காரணமாக எவருக்கும் வைத்தியம் மறுக்கப்படலாகாது என்பதும், கிராமவாசியின் அருகிலேயே சுகாதார நிலையம் அமையவேண்டும் என்பதும் அவ்வறிக்கையின் சாரம். 1952 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்கள் நாட்டில் தோன்றலாயின. அரசியலமைப்பின் 47-ஆவது விதி பொதுச் சுகாதாரத்தை உயர்த்துதல் அரசின் தலையாய கடமைகளுள் ஒன்று என்கின்றது. பதினோராவது அட்டவணையோ, வைத்தியசாலைகளையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் ஊராட்சிகளுக்குரிய விஷயங்களுள் ஒன்றாக வைத்துள்ளது. ஆதலின் நாம் கேட்பது பிச்சையன்று. எழுதிவைத்த கடமையின் நிறைவேற்றமே.

அக்கடமைக்கு அளவுகோலும் உண்டு. சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம். 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். 1,20,000 மக்களுக்கு 30 படுக்கைகளுடன் ஒரு சமுதாய சுகாதார நிலையம் என்பது தேசிய நிர்ணயம். நம் மாநிலத்தில் வட்டாரத்திற்கு ஒன்றாக உள்ள மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களே சமுதாய நிலையம் என்று கணக்கிடப்பெறுகின்றன. 2007-இல் வகுத்து, 2012-இலும் 2022-இலும் திருத்திய பொதுச் சுகாதாரத் தர விதிகள், எந்நிலையத்தில் எத்தனை வைத்தியர், எத்தனை செவிலியர், எவ்வெக் கருவி, எம்மருந்து இருக்கவேண்டும் என்று தெளிவாகக் கூறுகின்றன. இவ்விதிகளை அறிந்தவன் மனு எழுதினால் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். அறியாதவன் எழுதினால் அது முறையீடாகவே நின்றுவிடும்.

நன்றி மறத்தல் நமக்கு அழகன்று. நம் மாநிலம் இத்துறையில் செய்தவை பல. 1994-இல் நிறுவிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கிச் சர்க்கார் வைத்தியசாலைகளுக்கு இலவசமாக வழங்க வகைசெய்தது. பிற மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையார் பெயரிலுள்ள மகப்பேறு உதவி, 1987-இல் 300 ரூபாயாகத் தொடங்கி, 2006-இல் 6,000, 2011-இல் 12,000, பின்னர் 18,000 என உயர்ந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியர் இரவும் பகலும் முறைவைத்துப் பணிபுரியலாயினர். இவற்றின் பயன் யாது? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இம்மாநிலத்தின் பிரசவங்களில் 99.6 விழுக்காடு வைத்தியசாலைகளிலேயே நிகழ்ந்தன. 2018-20 கணக்கில் ஒரு லக்ஷம் பிரசவத்திற்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தனர், தமிழ்நாட்டில் 54. நம் பாட்டிமார் காலத்தில் பிரசவம் என்பது மறுபிறப்பு என்று அஞ்சப்பெற்றது. அவ்வச்சத்தைத் தணித்தது ஊருக்கு அருகிலிருந்த நிலையமும், அங்கு விழித்திருந்த செவிலியும், அதற்குப் பணம் ஒதுக்கிய கொள்கையுமே யாகும்.

எனினும், பிரசவத்தில் வென்றவர் பிற நோய்களில் வென்றோமில்லை. 2020-இல் நம் மாநிலத்தில் நடந்த ஆய்வொன்று, இரத்த அழுத்தம் உடையோரில் நூற்றுக்கு ஏழு பேர் அளவிற்கே அது கட்டுக்குள் இருந்தது என்று கண்டது. நீரிழிவிலோ, நூற்றுக்குப் பதினொருவர். எஞ்சியோருக்கு என்ன நேரும்? பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு. இவை வந்தபின் ஆகும் செலவு லக்ஷங்களில். வராமற் காக்கும் மாத்திரையோ சில ரூபாயில். 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இம்மாத்திரைகளை வீட்டு வாயிலிற் சேர்ப்பிக்க முயல்கின்றது. ஆனால் வாயிலுக்கு வரும் பணியாளரின் பின்னே, சோதனை செய்யும் கூடமும் மருந்தளவை மாற்றித்தரும் வைத்தியரும் உடைய நிலையம் ஒன்று நின்றாலன்றோ அம்முயற்சி முற்றுப்பெறும்?

அரவந் தீண்டலை எடுத்துக்கொள்வோம். வயலிலும் பாறை நிலத்திலும் உழைப்போர்க்கு இது தினசரி ஆபத்து. 2024 நவம்பரில் தமிழ்நாடு சர்க்கார் இதனைக் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. விஷமுறிவு மருந்திற்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருவோர், 1978 முதல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் நடந்துவரும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். அவ்வினத்தவர் நம் ஜில்லாவிலும் வாழ்கின்றனர். அவர்தம் திறத்தால் நாடெங்கும் உயிர்கள் பிழைக்கின்றன. ஆனால் கட்டுவிரியன் தீண்டினால் மூச்சு விடும் தசைகளே செயலற்றுப் போகலாம். மருந்து இருந்து, அதனைச் செலுத்தி அருகிருந்து காக்கும் வைத்தியர் இரவில் இல்லையெனின் என்ன பயன்?

கண்டாச்சிபுரம் விழுப்புரத்திற்கும் திருவண்ணாமலைக்கும் ஏறத்தாழ நடுவழியில் உள்ளது. ஜில்லாவின் பெரிய சர்க்கார் மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையோ, விழுப்புரத்திற்கும் அப்பால் முண்டியம்பாக்கத்தில் இருக்கின்றது. முன்னர் நமக்கு அணுக்கமாயிருந்த திருக்கோவலூர், 2019-இல் கள்ளக்குறிச்சி ஜில்லாவைச் சேர்ந்துவிட்டது. நோய் ஜில்லா எல்லையைப் பார்ப்பதில்லை, காகிதமோ பார்க்கின்றது. 2024 டிசம்பர் முதலில் ஃபெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணை பெருகியபோது, அரசூர் அருகே திருச்சி நெடுஞ்சாலையே முடங்கியதை யாவரும் அறிவர். சாலை அறுந்த நாளில் நமக்குத் துணை, நடந்து சென்று சேரத்தக்க நிலையம் ஒன்றே.

“ஐந்து லக்ஷம் ரூபாய்க் காப்பீடு இருக்கின்றதே” என்பார்க்கு ஒரு சொல். காப்பீடு நல்லது, அதனை யாம் குறைகூறவில்லை. ஆனால் அது பெரும்பாலும் படுக்கையிற் சேர்ந்த பின்னரே உதவுவது. காய்ச்சலுக்கும், நாடோறும் உண்ணும் மாத்திரைக்கும், தடுப்பூசிக்கும் அது வழியன்று. கரை உடைந்தபின் மணல் மூட்டை அடுக்குவது காப்பீடு. கோடையிலேயே கரையைப் பலப்படுத்துவது சுகாதார நிலையம். ஏரிப் பாசனம் செய்யும் நமக்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா.

இனி நம் பிரேரணைக்கு வருவோம். குலத்தாரின் நிதியால் கட்டடம் எழுப்புதல் எளிது. ஆண்டுதோறும் வைத்தியருக்கும் செவிலியருக்கும் சம்பளம், மருந்து, மின்சாரம் என்னும் தொடர் செலவை எத்தனை ஆண்டு தாங்குவோம்? அஃதன்றியும், அம்மையும் காசமும் டெங்குவும் தெருவைக் கேட்டு வருவனவல்ல. அயல்தெருக் குழந்தைக்குத் தடுப்பூசி இல்லையாயின் நம் தெருக் குழந்தைக்கும் பாதுகாப்பில்லை. நமக்கென்று மட்டும் ஒரு சுகாதாரம் இவ்வுலகில் இல்லை. எல்லார்க்கும் பொதுவாகிய நிலையம் உயர்ந்தால் நாமும் அதனுள் உயர்வோம்.

நம்மவருள் சிலர், சர்க்கார் வைத்தியசாலைக்குச் செல்லுதல் கௌரவக் குறைவு என்று எண்ணுகின்றனர். கடன்பட்டு வேறிடம் செல்லுதல் கௌரவமா? செல்வாக்குடையோர் கால்வைக்காத இடத்தைச் சீர்செய்ய எவரும் விரைவதில்லை. சங்கத்து நிர்வாகிகள் தாமே முதலில் அங்குச் சென்று தம் இரத்த அழுத்தத்தைச் சோதித்துக் கொள்ளட்டும். அங்குள்ள குறையும் நிறையும் அப்போது கண்ணாற் காணலாம்.

நோயுற்றோர், அதனைத் தீர்க்கும் வைத்தியர், மருந்து, அருகிருந்து பணிபுரிவோர் என்னும் நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று திருவள்ளுவர் வகுத்துள்ளார். நம் வேண்டுகோளையும் அந்நான்காகவே வகுப்போம்.

முதலாவது, வைத்தியர்: காலியான இடங்களை நிரப்புதல், தங்குதற்கு வீடு அமைத்தல். சர்க்கார் பணியிலுள்ள வைத்தியர்களுக்கு மேற்படிப்பில் இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டு 31-இல் தீர்ப்பளித்துள்ளது. கிராமத்தில் உழைப்போர்க்கு அச்சலுகை முழுமையாகச் சேரவேண்டும். இரண்டாவது, பணிபுரிவோர்: தொகுப்பூதியத்தில் வாடும் செவிலியர்களுக்குக் காலமுறை ஊதியம். மூன்றாவது, மருந்து: கையிருப்புப் பட்டியலை நிலையத்தின் வாயிலில் எழுதிவைத்தல். நான்காவது, நோயாளர்: இரவில் பிரசவத்திற்கும் அரவந் தீண்டலுக்கும் தடையிலா உதவி, ஜில்லா எல்லை பாராது அருகிலுள்ள இடத்தில் சேர்க்கை.

இவை அனைத்திற்கும் அடிப்படை நிதி. 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, சர்க்காரின் செலவு 2025-க்குள் மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காடாக வேண்டும் என்றும், அதில் மூன்றில் இரு பங்கு அடிப்படைச் சுகாதாரத்திற்குச் செல்லவேண்டும் என்றும், மாநிலங்கள் தம் வரவு செலவில் 8 விழுக்காட்டிற்கு மேல் ஒதுக்க வேண்டும் என்றும் வாக்களித்தது. பதினைந்தாவது நிதிக் குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகளின் வாயிலாகச் சுகாதாரத்திற்கு 70,051 கோடி ரூபாய் சிபாரிசு செய்தது. கொடுத்த வாக்கை நினைவூட்டுதல் குடிகளின் கடமை.

நாம் செய்யத்தக்கன யாவை? ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களிலும் கிராம சபை கூடுகின்றது. ஒவ்வொரு சபையிலும் நம் அங்கத்தினர், அயலாரையும் உடன்கூட்டிச் சென்று, சுகாதார நிலையத்தைப் பற்றிய தீர்மானம் கொணரவேண்டும். கிராம சுகாதாரக் குழுவிலும், நிலையத்தின் நோயாளர் நலச் சங்கத்திலும் நம் பெண்மணிகள் இடம்பெற வேண்டும். திரட்ட எண்ணிய நிதியில் ஒரு பகுதியை, நம் பகுதி நிலையங்களைத் தர விதிகளோடு ஒப்பிட்டுக் கணக்கெடுக்கும் இளைஞர் குழுவிற்கும், செவிலியர் படிப்பும் வைத்தியப் படிப்பும் பயிலும் ஏழைப் பிள்ளைகளுக்கும் அளிப்போம்.

ஆகவே, பிரேரணையை அடியோடு தள்ளாது, ‘நம் குலத்தாருக்கென்று’ என்னும் சொற்களை நீக்கி, ‘இவ்வட்டாரத்து மக்கள் அனைவர்க்கும் உரிய சர்க்கார் சுகாதார நிலையங்கள் நிறைவுற’ என்று திருத்தி நிறைவேற்றுமாறு வேண்டுகின்றோம். சங்கம் என்பது தனக்கு மட்டும் வேலி கட்டுவதற்கன்று, ஊருக்கு உழைப்பதற்கு. இச்சபையார் நன்கு ஆராய்ந்து முடிவு செய்வார்களாக.